வீட்டுக் கழிவுநீரை பாக்டீரியாவிடம் ஒப்படைப்பது எப்படி?

பாதாளச் சாக்கடை வராத ஊரில் வீடு கட்டுகிறவர்களும், கழிவுநீர் லாரிக்குப் பணம் கொடுத்து அலுத்துப்போனவர்களும் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்த பாக்டீரியா பவுடர் வாங்கலாம்?"

பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். எதையும் வாங்க வேண்டாம். கழிவைத் தின்று செரிக்கும் பாக்டீரியா உங்கள் குடலிலிருந்து தினமும் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. தோட்டத்து மண்ணில் இன்னும் ஆயிரம் வகை இருக்கிறது. அவற்றுக்குத் தேவை தங்க இடம், வேலை முடிக்க நேரம், ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பு. அப்புறம், நாம் ஆசிட் ஊற்றி அவற்றைக் கொல்லாமல் இருக்க வேண்டும். ஒரு சாதாரண வீட்டில் இவற்றை எப்படி ஏற்பாடு செய்வது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

தண்ணீரை இரண்டாகப் பிரியுங்கள்

நம் ஊர் நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள். அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பி வரும் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. நான்கு பேர் உள்ள வீட்டில் சுமார் 430 லிட்டர். அதில் கழிப்பறைக்குள் போவது கால் பங்கு அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். மீதி சுமார் 300 லிட்டர் குளித்த தண்ணீர், துணி துவைத்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர். இதைச் சோப்புத் தண்ணீர் என்றே சொல்லிக்கொள்வோம்.

இந்த இரண்டையும் ஒரே குழாயில் விடாதீர்கள். கழிப்பறைத் தண்ணீரில் கிருமி மிக அதிகம். அது மூடிய தொட்டியில் நாள்கணக்கில் தங்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் அழுக்கு குறைவு, அளவு அதிகம். அதையும் செப்டிக் டேங்குக்குள் விட்டால் தண்ணீர் வேகமாக ஓடும், கசடு அடியில் படிய நேரம் இருக்காது, அரைகுறையாகச் செரித்தது அப்படியே வெளியே வரும். சிறிய தொட்டியில் எல்லாக் குழாயையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு "டேங்க் ஆறு மாசத்தில் நிரம்பிடுது" என்று சொல்பவர்கள் ஏராளம்.

புது வீடு என்றால் பிளம்பரிடம் ஆரம்பத்திலேயே சொல்லுங்கள்: கழிப்பறைக்கு ஒரு லைன், மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு லைன். பழைய வீடாக இருந்தாலும் சமையலறை சிங்க், வாஷிங் மெஷின் இந்த இரண்டு குழாய்களும் பெரும்பாலும் வெளிச்சுவர் வழியாகத்தான் இறங்கும். அவற்றைத் திருப்பிவிடுவது அவ்வளவு சிரமமில்லை.

உள்ளே என்ன நடக்கிறது

காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா ஒரு கூட்டம், காற்று வேண்டும் என்கிற கூட்டம் இன்னொன்று. மூடிய செப்டிக் டேங்கில் முதல் கூட்டம் வேலை செய்கிறது. கட்டியானதைக் கரைப்பது, கரைந்ததை அமிலமாக்குவது, அமிலத்தை மீத்தேன் வாயுவாக்குவது என்று வெவ்வேறு நுண்ணுயிர்கள் அடுத்தடுத்துச் செய்யும் வேலை அது. மெதுவாக நடக்கும், ஆனால் கரண்ட் வேண்டாம், கசடும் குறைவாகத்தான் மிஞ்சும். காற்று வேண்டும் கூட்டம் வேகமானது, நாற்றமே இல்லாமல் வேலையை முடிக்கும். மண்ணின் மேலடுக்கிலும் செடி வேர்களைச் சுற்றியும் இருப்பது அதுதான்.

நல்ல ஏற்பாடு என்பது இந்த இரண்டு கூட்டத்துக்கும் அடுத்தடுத்து வேலை கொடுப்பது. முதலில் காற்றில்லாத தொட்டி, பிறகு மண்ணோ ஜல்லிப் படுகையோ. செப்டிக் டேங்க் மட்டும் தண்ணீரைச் சுத்தம் செய்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நன்றாகக் கட்டிய தொட்டியே கரிம அழுக்கில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரைதான் எடுக்கும். மீதி வேலை அதற்கு வெளியேதான் நடக்க வேண்டும்.

நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: வெயில். காற்றில்லாத பாக்டீரியாவுக்கு 25 முதல் 38 டிகிரி வரையிலான சூடு மிகவும் பிடித்தது. தமிழ்நாட்டில் பெரும்பாலான மாதங்கள் அப்படித்தான். சியாச்சின் பனியில் இருக்கும் ராணுவ வீரர்களின் கழிவைச் செரிக்க, குளிர் தாங்கும் பாக்டீரியாவை ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ தனியாக வளர்த்தெடுக்க வேண்டியிருந்தது. ரயில்களில் இப்போதுள்ள பயோ டாய்லெட்டும் அந்த ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான். மதுரையிலோ தஞ்சாவூரிலோ உள்ள வீட்டுக்கு அப்படி எதுவும் தேவையில்லை.

உங்கள் வீட்டில் இருப்பது தொட்டியா, உறையா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் "செப்டிக் டேங்க்" என்று சொல்லப்படும் பலவும் உண்மையில் தொட்டியே அல்ல. ஆழமாகக் குழி வெட்டி, சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியில் தளம் போடாமல் விட்டிருப்பார்கள். கழிப்பறைத் தண்ணீர் நேராக மண்ணுக்குள் போகும். வருடக்கணக்கில் நிரம்பவே நிரம்பாது என்பதால் வீட்டுக்காரர் சந்தோஷமாக இருப்பார். லாரியே கூப்பிடாமல் பத்து வருடம் ஓடிவிட்டது என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அந்தக் கழிவெல்லாம் நிலத்தடி நீருக்குள் போயிருக்கிறது என்று பொருள். பக்கத்திலேயே போர்வெல் இருக்கும்.

கழிவில் உள்ள நைட்ரஜன், மண்ணில் உள்ள பாக்டீரியாவால் நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் கலக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. அது மீறினால் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் போர்வெல் தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்றால், ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இருப்பது உறை என்று தெரிந்தால் அதை இடித்து எறிய வேண்டியதில்லை. அதற்கு முன்னால் ஒரு முறையான தொட்டி கட்டி, பழைய உறையை உறிஞ்சுகுழியாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மழைக்காலத்தில் அந்த உறைக்குள் நிலத்தடி நீரே ஏறி நிற்கிறது என்றால் அதைக் கைவிடுவதுதான் சரி. கைவிடும்போது லாரி வைத்து முழுக்க எடுத்துவிட்டு மண்ணடித்து மூடுங்கள். வெறும் சிலாப் போட்டு விட்டுவைத்த பழைய குழியில் குழந்தைகளும் ஆடுமாடுகளும் விழுந்துவிடும்.

தொட்டி கட்டும்போது கொத்தனாரிடம் சொல்ல வேண்டியவை

கொத்தனாருக்குத் தொட்டி கட்டத் தெரியும். உள்ளே தண்ணீர் எப்படி நகர வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நான்கைந்து பேர் வீட்டுக்குக் கழிப்பறைத் தண்ணீர் மட்டும் என்றால் உள்ளளவு 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் 1.2 மீட்டர் என்பது தாராளமாகப் போதும். 2,400 லிட்டர் வரும். தண்ணீர் மட்டத்துக்கு மேல் 30 சென்டிமீட்டர் காலியிடம் விடுங்கள். நீளம் அகலத்தைப்போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். சதுரமாகவோ வட்டமாகவோ இருந்தால், வந்த தண்ணீர் குறுக்கு வழியில் வெளியேறிவிடும்.

நடுவில் ஒரு குறுக்குச் சுவர் கட்டாயம். முதல் அறைக்கு மூன்றில் இரண்டு பங்கு, அடுத்ததற்கு ஒரு பங்கு. சுவரில் விடும் துளை, தண்ணீரின் பாதி ஆழத்தில் இருக்க வேண்டும். மேலே மிதக்கும் ஆடையும் அடியில் உள்ள கசடும் தாண்டாமல், நடுவில் உள்ள தெளிந்த தண்ணீர் மட்டும் அடுத்த அறைக்குப் போகும்.

உள்ளே வரும் குழாய்க்கும் வெளியே போகும் குழாய்க்கும் டீ (T வடிவ இணைப்பு) போட்டு, அதன் கீழ்க்காலைத் தண்ணீருக்குள் 30 சென்டிமீட்டர் இறக்கச் சொல்லுங்கள். உள்ளே வரும் குழாய், வெளியே போவதைவிட 5 சென்டிமீட்டராவது மேலே. நேர்க்குழாய் வைத்துவிட்டு "இதுவே போதும் சார்" என்பார்கள். போதாது. டீ இல்லாத தொட்டியில் மேலே மிதக்கும் எண்ணெயும் மலமும் நேராக உறிஞ்சுகுழிக்குப் போய் அடைத்துவிடும். ஒரு சின்ன பிவிசி உதிரிக்காகக் குழியையே இழப்பார்கள்.

அடித்தளம் கான்கிரீட், உள்பக்கம் முழுக்க நல்ல பூச்சு. பூசி முடித்ததும் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டு மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் எங்கோ கசிவு. மண் மூடும் முன்பே சரிசெய்யச் சொல்லுங்கள்.

காற்றுக்குழாய் ஒன்று, மாடியைத் தாண்டும் உயரத்துக்கு. அதன் வாயில் கொசு வலை கட்டாயம். வலை கிழிந்த காற்றுக்குழாய் கொசு வளர்க்கும் இடமாகிவிடும். இரண்டு அறைக்கும் தனித்தனி மூடி வையுங்கள். மேலே டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடாதீர்கள், சில வருடம் கழித்துத் திறக்க வேண்டியிருக்கும்.

இடமும் கொஞ்சம் பணமும் இருந்தால் மூன்றாவதாக ஒரு அறை சேர்க்கச் சொல்வேன். அடியில் துளையுள்ள சிலாப், அதன்மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி. தண்ணீர் அடியிலிருந்து மேலே ஏறி வர வேண்டும். ஜல்லியின் மேல் பாக்டீரியா ஒட்டி வழவழப்பான ஒரு படலமாக வளரும்; ஏறி வரும் தண்ணீரில் உள்ள அழுக்கை அது பிடித்துத் தின்னும். புதுச்சேரிக்கு அருகே தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையின் கழிவுநீர் இப்படிப்பட்ட அறைகளையும், பிறகு செடி வளர்த்த ஜல்லிப் படுகையையும் கடந்துதான் தோட்டத்துக்குப் போகிறது. ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போதுமான முறை நான்கு பேர் வீட்டுக்கு நிச்சயம் போதும்.

காற்றடிக்கும் மோட்டார் வைத்த சின்ன எஸ்டிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு) விற்பவர்களும் வருவார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அது சரி, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். தனி வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மோட்டார் பழுதாகி நாள்கணக்கில் நின்றால் காற்று வேண்டும் பாக்டீரியா செத்து, எல்லாம் நாறிப்போகும்.

தொட்டிக்கு வெளியே வரும் தண்ணீர்

தொட்டியிலிருந்து வருவது பார்க்கத் தெளிவாக இருந்தாலும் கிருமி நிறைந்தது. இதை மண்ணிடம் கொடுக்க வேண்டும், தெருச் சாக்கடையில் விடக்கூடாது.

முதலில் மண் உறிஞ்சுமா என்று பாருங்கள். குழி வர வேண்டிய இடத்தில், வர வேண்டிய ஆழத்தில் ஓர் அடி அகலத்துக்குச் சின்னக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் திரும்ப அரை அடி உயரம் தண்ணீர் ஊற்றி, ஓர் அங்குலம் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அங்கே உறிஞ்சுகுழி பயன்படாது. கரிசலிலும் களிமண்ணிலும் இப்படித்தான் ஆகும். அந்த இடங்களில் தண்ணீரை ஆழம் குறைந்த, பரந்த படுகையில் விட்டு வாழையும் கல்வாழையும் வைத்து, இலை வழியாக ஆவியாகவிடுவதே வழி. மாறாகக் கடற்கரை மணலில் தண்ணீர் நொடியில் இறங்கிவிடும். அதுவும் நல்லதில்லை, பாக்டீரியாவுக்கு வேலை செய்ய நேரமே கிடைக்காமல் அழுக்கு நேராக நிலத்தடி நீருக்குப் போய்விடும். அங்கே குழியின் சுற்றிலும் அடியிலும் அரை மீட்டர் தடிமனுக்குக் கொஞ்சம் வண்டல் கலந்த மண்ணை நிரப்புவது உதவும்.

குழியின் அடிக்கும் மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்துக்கும் நடுவே இரண்டு மீட்டராவது தண்ணீர் ஏறாத மண் இருக்கட்டும். உண்மையான சுத்திகரிப்பு அங்கேதான் நடக்கிறது.

கிணற்றிலிருந்தோ போர்வெல்லிலிருந்தோ 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. இருபதுக்கு நாற்பது அடி மனையில் இது முடியவே முடியாது. நாற்பது அடி என்பதே 12 மீட்டர்தான். அப்படிப்பட்ட மனையில் இருப்பவர்கள் ஜல்லி அறையைக் கட்டாயமாக்குங்கள், குழியைப் போர்வெல்லுக்கு நேர் எதிர் மூலையில், ஆழம் குறைவாக வையுங்கள், அந்தப் போர் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தாதீர்கள். பக்கத்து வீட்டுப் போர் எங்கே இருக்கிறது என்றும் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மண்ணுக்கு அடியில் காம்பவுண்டுச் சுவர் கிடையாது.

மழைநீர் சேகரிப்புக் குழியில் இந்தத் தண்ணீரை ஒருபோதும் சேர்க்கக்கூடாது. சோப்புத் தண்ணீரும் வேண்டாம்.

சோப்புத் தண்ணீருக்குக் கல்வாழைப் படுகை

கிணற்றடியிலும் பாத்திரம் விளக்கும் இடத்திலும் வாழையும் கல்வாழையும் சேம்பும் வைப்பது நம் வீடுகளில் பழைய பழக்கம். அதையே கொஞ்சம் கணக்கோடு செய்தால், ஒரு நாளைக்கு 300 லிட்டர் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பிவிடலாம். கோடையில் தண்ணீர் விலைக்கு வாங்கும் வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் படி, எண்ணெயைப் பிடிக்கும் சின்னத் தொட்டி. சமையலறைக் குழாய் வெளியே வரும் இடத்தில் 50 லிட்டர் கொள்ளும் மூடியுள்ள ஒரு சேம்பர் போதும். செப்டிக் டேங்கில் சொன்ன அதே டீ, வெளியே போகும் குழாயில். எண்ணெய் மேலே மிதக்கும், சோறும் பருப்பும் அடியில் தங்கும், நடுத்தண்ணீர் வெளியேறும். வாரம் ஒருமுறை மேலே உள்ள ஆடையை எடுத்து மண்ணில் புதைத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் படுகை அடைத்துக்கொண்டதும் "இந்த முறை சரியில்லை" என்பார்கள். வாஷிங் மெஷின் குழாய் நுனியில் ஒரு நைலான் வலைப்பை கட்டிவிட்டால் நூலும் முடியும் அதில் நின்றுவிடும்.

இரண்டாவது, படுகை. நான்கு பேருக்கு 4 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம். கணக்கைப் பாருங்கள்: தண்ணீர் நிற்பது 50 சென்டிமீட்டர் உயரம் என்றால் மொத்தம் 2,000 லிட்டர் கொள்ளளவு. ஜல்லி போக இடைவெளி சுமார் 40 சதவீதம், ஆக 800 லிட்டர் தண்ணீர். நாள் ஒன்றுக்கு 300 லிட்டர் வந்தால் ஒவ்வொரு சொட்டும் இரண்டரை நாளுக்கு மேல் உள்ளே தங்கும். அவ்வளவு நேரம் போதும். உங்கள் வீட்டில் ஆட்கள் கூடினால் இதே கணக்கைப் போட்டு நீளத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

செங்கல் வைத்துப் பூசலாம். செலவைக் குறைக்க வேண்டுமானால் குழி வெட்டி, கூரான கல்லை எல்லாம் பொறுக்கி, அடியில் மணல் பரப்பி, தடித்த பாலித்தீன் ஷீட்டை மடிப்பு விழாமல் விரிக்கலாம். தரை, வரும் முனையிலிருந்து போகும் முனைக்கு லேசாகச் சாய்ந்திருக்கட்டும். 4 மீட்டருக்கு 4 சென்டிமீட்டர் போதும்.

இரண்டு முனையிலும் அரை அரை மீட்டருக்கு ஒன்றரை ஜல்லி. நடுவில் முக்கால் அங்குல ஜல்லி அல்லது அதைவிடப் பொடியான கழுவிய கூழாங்கல். ஜல்லியைக் கட்டாயம் கழுவிப் போடுங்கள், கிரஷர் தூசோடு கொட்டினால் அந்தத் தூசே சிமென்ட் மாதிரி இறுகி அடைத்துவிடும். எம்சாண்ட் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் மட்டம் எப்போதும் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். மேலே தண்ணீர் தெரியக்கூடாது. தெரிந்தால் கொசு வரும், டெங்கு வரும். இதற்கு ஒரு சுலபமான வழி: போகும் முனையில் அடிமட்டத்தில் துளையிட்ட குழாய் வைத்து, வெளியே ஒரு சேம்பரில் எல்போ மாட்டி, அதில் நிற்கும் குழாய்த் துண்டை ஒட்டாமல் விட்டுவிடுங்கள். அந்தத் துண்டைச் சாய்த்தால் படுகையில் மட்டம் இறங்கும், நிமிர்த்தினால் ஏறும்.

மூன்றாவது, செடி. கல்வாழை எனக்கு முதல் தேர்வு: எங்கும் கிடைக்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும், பூவும் அழகு. சம்பு, வெட்டிவேர், சேம்பும் நன்றாக வரும். ஓர் அடிக்கு ஒன்று வீதம் கிழங்கோடு எடுத்து, வேர் தண்ணீரைத் தொடும் ஆழத்துக்கு ஜல்லிக்குள் நடுங்கள். மண் போட வேண்டாம். செடியின் வேர் தன்னைச் சுற்றிக் கொஞ்சம் ஆக்சிஜனைக் கசியவிடும், காற்று வேண்டும் பாக்டீரியா அங்கே குடியேறும். வேரிலிருந்து விலகிய இடுக்குகளில் காற்றில்லாத கூட்டம் இருக்கும். ஒரு கைப்பிடி ஜல்லியில் இரண்டும் அருகருகே வேலை செய்கின்றன.

முதல் சில வாரங்கள்

செடி நட்டதும் ஒரு வாரம் சாதாரணத் தண்ணீர் மட்டும் விடுங்கள். பிறகு குளியல் தண்ணீரையும், அதற்கு அடுத்த வாரம் துணி, சமையலறைத் தண்ணீரையும் திறந்துவிடுங்கள். ஜல்லியில் பாக்டீரியாப் படலம் பிடிக்க ஒன்றிலிருந்து இரண்டு மாதம் ஆகும். அதுவரை வெளியே வரும் தண்ணீர் கலங்கலாகவும் லேசான வாடையோடும் இருந்தால் பயப்பட வேண்டாம். வேகப்படுத்த விரும்பினால், ஏற்கெனவே வேலை செய்யும் படுகையிலிருந்து ஒரு பக்கெட் ஜல்லியைக் கழுவாமல் எடுத்து வந்து கலந்துவிடுங்கள். எந்தக் கடையிலும் இவ்வளவு நல்ல விதை கிடைக்காது.

செப்டிக் டேங்குக்குத் தண்ணீர் நிரப்பிப் பயன்படுத்தத் தொடங்கினாலே போதும். ஜல்லி அறை முழுத்திறனுக்கு வர ஆறு முதல் ஒன்பது மாதம் பிடிக்கலாம். சாணம் கரைத்து ஊற்றலாமா என்று கேட்பார்கள். முதலில் ஒருமுறை ஒரு பக்கெட் ஊற்றுவதில் தப்பில்லை, மாட்டின் வயிற்றில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர் உண்டு. மாதாமாதம் ஊற்றினால் கசடைத்தான் கூட்டுகிறீர்கள்.

எதை ஊற்றக்கூடாது

கழிப்பறை கழுவும் ஆசிட்டைப் பாட்டில் கணக்கில் ஊற்றுவதுதான் நம் ஊர்த் தொட்டிகளுக்குப் பெரிய எதிரி. பளிச்சென்று ஆகட்டும் என்று பீங்கானைப் பார்த்து ஊற்றுகிறோம், அடுத்த நிமிடம் அது பாக்டீரியா மேல் போய் விழுகிறது. வாரம் ஒருமுறை கொஞ்சமாகக் கிளீனர் ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்தால் தொட்டி தாங்கிக்கொள்ளும். தினமும் பினாயில், பிளீச்சிங் பவுடர், அதன்மேல் ஆசிட் என்றால் தாங்காது. பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது பாக்டீரியாவுக்கு முன்னால் கழுவுகிறவரைத் தாக்கும்.

நாப்கின், டயப்பர், ஈரத்துடைப்பான், ஆணுறை, சிகரெட் துண்டு எதுவும் உள்ளே போகக்கூடாது. இவை எதையும் பாக்டீரியா தின்னாது. மிச்சமான ஆன்டிபயாடிக் மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டுவதும் தவறு. பெயின்ட், தின்னர், பூச்சிமருந்து கழுவிய தண்ணீர் இரண்டு அமைப்புக்கும் விஷம். பொரித்த எண்ணெயை சிங்கில் ஊற்றாதீர்கள், பழைய பேப்பரில் உறிஞ்சிக் குப்பையில் போடுங்கள்.

பவுடர் பற்றி

தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம் இதுதான். பாக்கெட்டில் இருப்பதும் பாக்டீரியாவோ நொதியோதான், பொய்யில்லை. ஆனால் கோடிக்கணக்கில் ஏற்கெனவே உள்ள இடத்தில் ஒரு ஸ்பூன் புதுசாகப் போட்டு என்ன மாறப்போகிறது? சரியாக இயங்கும் தொட்டியை இவை மேம்படுத்துவதாகத் தெரியவில்லை என்பதுதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நிலைப்பாடு. சரியாக இயங்காத தொட்டியில் பிரச்சினை குறுக்குச்சுவரில், டீயில், ஆசிட்டில், கசட்டில் இருக்கும். "இதைப் போட்டால் லாரியே கூப்பிட வேண்டாம்" என்று விற்பதை நம்பவே வேண்டாம். பாக்டீரியா செரிக்க முடியாத மணலும் நாரும் தொட்டியில் சேர்ந்துகொண்டேதான் இருக்கும், யாராவது எடுக்கத்தான் வேண்டும்.

கசடு எடுப்பது: ஒரு உயிர்கூட உள்ளே இறங்கக்கூடாது

தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு கசடாகிவிட்டால் எடுக்க வேண்டும். சாதாரணமாக இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை. பார்க்க ஒரு வழி: நீளக் கம்பின் நுனியில் ஒரு முழத்துக்கு வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டி, மூடியைத் திறந்து சில நிமிடம் விலகி நின்று, பிறகு கம்பை அடிவரை மெல்ல இறக்கி எடுங்கள். துணியில் கறுப்புப் படிந்த உயரம்தான் கசடின் உயரம். குனிந்து முகத்தை உள்ளே நீட்டாதீர்கள். தீக்குச்சி, சிகரெட், மெழுகுவர்த்தி எதுவும் அருகில் கூடாது, மீத்தேன் பற்றிக்கொள்ளும்.

மீத்தேனைவிட ஆபத்தானது ஹைட்ரஜன் சல்பைடு. குறைந்த அளவில் அழுகின முட்டை வாடை வரும். அளவு கூடும்போது மூக்கின் மோப்பச் சக்தியே மரத்துவிடும். வாடை போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் சில மூச்சில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும், மூன்றாவது ஆளும் விழுவார்கள். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் செத்த செய்திகள் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுதான் காரணம். யாராவது விழுந்துவிட்டால் இறங்காதீர்கள், 101-க்கும் 108-க்கும் கூப்பிடுங்கள்.

தொட்டிக்குள் ஆளை இறக்குவது, மனிதர்களைக் கொண்டு கழிவகற்றுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கழிவுத் தொட்டியிலோ பாதாளச் சாக்கடையிலோ இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. சட்டத்தை விடுங்கள், இருநூறு ரூபாய் கூடக் கொடுத்து ஒரு மனிதரை அந்தக் குழிக்குள் இறங்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அடிக்கசடு கொஞ்சம் மிஞ்சினால் மிஞ்சட்டும். மிஞ்சியதில் உள்ள பாக்டீரியாவே அடுத்த சுற்றைத் தொடங்கி வைக்கும். "உள்ளே இறங்கிச் சுத்தமா எடுத்துத் தர்றோம்" என்று ஆட்களே சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

லாரிக்கு 14420 என்ற எண்ணில் கேட்கலாம், உள்ளாட்சியில் பதிவு செய்த லாரியாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். ஏரிக்கரை, ஆற்றோரம் என்றால் அனுப்பிவிடுங்கள். நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த அத்தனையும் அந்த ஒரு லோடில் வீணாகிவிடும். எடுத்து முடித்ததும் தொட்டியைப் பிளீச்சிங் போட்டுக் கழுவ வேண்டாம், உடனே தண்ணீர் நிரப்பிவிடுங்கள்.

மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வரும் ஊர்களில் உறிஞ்சுகுழி நிரம்பி, கழிப்பறைக்குள் தண்ணீர் திரும்ப ஏறும். கசடு எடுப்பதைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். வெள்ளம் சூழ்ந்திருக்கும்போது தொட்டியைக் காலி செய்யக்கூடாது. காலியான தொட்டியை, முக்கியமாக பிளாஸ்டிக் தொட்டியை, அடியிலுள்ள தண்ணீர் மேலே தூக்கிவிடும். மொட்டைமாடித் தண்ணீர் கல்வாழைப் படுகைக்குள் இறங்காதபடி ஓரம் அரை அடி உயர்ந்திருக்கட்டும். தொட்டி மூடியைத் தாண்டி வெள்ளம் வந்திருந்தால், வடிந்தபின் கிணற்றில் குளோரின் போட்டு ஆய்வு செய்யும் வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

வெளியே வரும் தண்ணீரை எங்கே விடலாம்

படுகை நன்றாக வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். வெளியே வரும் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் தளும்ப நிரப்பி, இறுக மூடி, நிழலான இடத்தில் ஐந்து நாள் வையுங்கள். திறக்கும்போது மண்வாசனை போல இருந்தால் பாக்டீரியா தன் வேலையை முடித்துவிட்டது. கறுத்து, முட்டை வாடை அடித்தால் இன்னும் தின்ன வேண்டியது மிச்சமிருக்கிறது: எண்ணெய்த் தொட்டியை எடுத்துப் பாருங்கள், படுகைக்கு அளவுக்கு மீறித் தண்ணீர் வருகிறதா பாருங்கள், வரும் முனையில் ஒன்றரை ஜல்லி அடைத்திருந்தால் அதை மட்டும் தோண்டிக் கழுவிப் போடுங்கள்.

இந்தத் தண்ணீரில் சுத்தமாகக் கிருமி இல்லை என்று எண்ண வேண்டாம். தென்னை, வாழை, முருங்கை, மா, பூச்செடிகளுக்கு வேரடியில் விடலாம். கொத்தமல்லி, புதினா, வெங்காயம், கீரை போல மண்ணை ஒட்டி வளர்ந்து பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ தின்பவற்றுக்கு வேண்டாம். ஸ்பிரிங்க்ளர் வைத்துத் தெளிக்க வேண்டாம். சேமித்து வைக்கவும் வேண்டாம், அன்றன்றைக்கு மண்ணுக்குப் போய்விடட்டும். சோப்புப் பவுடரில் உள்ள சோடியம் நாளடைவில் மண்ணை இறுகச் செய்யும். அதனால் ஒரே மரத்துக்கு விடாமல் வாரத்துக்கு வாரம் குழாயை மாற்றி வையுங்கள். மண் மேலே வெள்ளைப் பூச்சு தெரிந்தால் அந்த இடத்துக்குக் கொஞ்ச நாள் நல்ல தண்ணீரோ மழைநீரோ மட்டும் விடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கல்வாழையை அடியோடு வெட்டி எடுத்துக் கம்போஸ்ட் குழியில் போட்டுவிடுங்கள், பத்து நாளில் திரும்பத் துளிர்க்கும்.